பேசித் தீர்த்தவர்: மார்ட்டி அஹ்திசாரி பற்றி வாசகர் கேள்விகள்

போன மாதம் சுனாமி பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, இந்தோனேசியாவின் அச்சே மாநிலத்தில் ஏறக்குறைய முப்பது வருடம் நடந்த சண்டையை முடித்து வைத்தவர் பின்லாந்தின் முன்னாள் ஜனாதிபதி மார்ட்டி அஹ்திசாரி என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களைப் படித்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த மனிதர் அவர். அதனால் இந்த இதழில் மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு முழுக்க அவரைப் பற்றியே பேசிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

பின்லாந்தில் ராஜாவா, ஜனாதிபதியா? பக்கத்து ஸ்வீடனில் ராஜா இருக்கிறாரே?
*– வாசகர், மன்னார்குடி*

ஸ்வீடன், நார்வே, டென்மார்க் மூன்றிலும் முடியாட்சி. பின்லாந்திலும் ஐஸ்லாந்திலும் ஜனாதிபதி. பின்லாந்து 1917-ல் ரஷ்யாவிடமிருந்து விடுதலை பெற்ற நாடு. ஜனாதிபதியின் பதவிக்காலம் ஆறு ஆண்டு. உர்ஹோ கெக்கோனன் என்பவர் 1956 முதல் 1982 வரை, கிட்டத்தட்ட 26 வருடம் அந்த நாற்காலியை விடாமல் இருந்தார். அந்த அனுபவத்துக்கு அப்புறம்தான் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். அஹ்திசாரி அந்த நாட்டின் பத்தாவது ஜனாதிபதி, 1994 முதல் 2000 வரை, ஒரே ஒரு முறை.

அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்று படித்தேன். நானும் ஓய்வு பெற்ற ஆசிரியைதான். அவருடைய இளமைக் காலத்தைச் சொல்லுங்களேன்.
*– வாசகி, திண்டுக்கல்*

சந்தோஷமாகச் சொல்கிறேன் அம்மா. அவர் பிறந்தது 1937 ஜூன் 23, வைபுரி என்ற ஊரில். அப்போது அது பின்லாந்தின் பெரிய நகரங்களில் ஒன்று, கரேலியா என்ற பகுதியின் தலைநகரம் மாதிரி. 1939 நவம்பர் 30-ல் சோவியத் படை பின்லாந்துக்குள் நுழைந்தபோது குழந்தைக்கு இரண்டரை வயதுகூட ஆகவில்லை. அப்பா ராணுவத்தில் இருந்தார், போர்முனைக்குப் போய்விட்டார். அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்பினார். சண்டை முடிந்து கையெழுத்தானபோது வைபுரி எல்லைக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. இப்போது அது ரஷ்யாவில் இருக்கிறது, பெயர் வைபோர்க்.

கரேலியாவிலிருந்து அப்படிக் கிளம்பி வந்தவர்கள் நாலு லட்சத்துக்கும் மேல். மொத்த ஜனத்தொகையே நாற்பது லட்சத்துக்கும் குறைவாக இருந்த நாட்டில் இது எவ்வளவு பெரிய கூட்டம் என்று யோசித்துப் பாருங்கள், பத்துப் பேரில் ஒருவர் வீடு வாசல் இல்லாமல் வந்து நிற்கிறார். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டில் ஓர் அறையை ஒதுக்கிக் கொடுத்து, பிறகு அரசாங்கம் நிலத்தைப் பங்கு பிரித்துக் கொடுத்து, அத்தனை பேரையும் குடியமர்த்தினார்கள். அகதி முகாம் என்று ஒன்று பரம்பரையாக நீடிக்கவில்லை. அஹ்திசாரி குவோப்பியோ என்ற ஊரில் வளர்ந்தார், அப்புறம் குடும்பம் வடக்கே ஓலு நகரத்துக்குப் போனது. தன்னைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தான் நிரந்தரமாக இடம்பெயர்ந்தவன் என்ற பொருளில் சொல்லிக்கொள்வார். வேறு யாருடைய சண்டைக்கும் நடுவில் போய் உட்கார அவருக்கு இருந்த தகுதி இதுதான் என்று நான் நினைக்கிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவன் இழந்தது என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஓலுவில் ஆசிரியர் பயிற்சி முடித்தார். உங்களைப் போலவே சாக்பீஸ் பிடித்த கைதான். ஆனால் 1960-லேயே கிளம்பிவிட்டார், எங்கே தெரியுமா, கராச்சிக்கு. அங்கே ஒய்.எம்.சி.ஏ. நடத்திய உடற்கல்விப் பயிற்சி நிலையத்தில் வேலை. உலகம் என்றால் பனியும் பைன் மரமும் தவிர வேறு அறியாத ஒரு பையன், இருபத்து மூன்று வயதில் கராச்சி வெயிலில் சில வருடம் இருந்தது அவரை மாற்றிவிட்டது. திரும்பி வந்து 1965-ல் வெளியுறவு அமைச்சகத்தில் சேர்ந்தார். வளரும் நாடுகளுக்கான உதவிப் பிரிவில் வேலை பார்த்தார், 1973-ல் தான்சானியாவுக்குத் தூதர். அப்போது வயது முப்பத்தாறு.

நமீபியாவில் குழந்தைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்களாமே, உண்மையா? பின்லாந்துக்காரருக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்?
*– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை*

உண்மைதான். விடுதலையை ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் பலருக்கு மார்ட்டி என்று பெயர் வைத்தார்கள், அஹ்திசாரி என்றே வைத்தவர்களும் உண்டு. அந்த நாட்டுக்கும் பின்லாந்துக்கும் பழைய உறவும் இருக்கிறது, 1870-லிருந்தே பின்லாந்து மிஷனரிகள் வட நமீபியாவில் பள்ளியும் மருத்துவமனையும் நடத்தி வந்தவர்கள்.

கதை கொஞ்சம் நீளம், ஆனால் அவரைப் புரிந்துகொள்ள இதுதான் முக்கியம். நமீபியா முதலில் ஜெர்மனியின் காலனி. முதல் உலகப் போரில் தென் ஆப்பிரிக்கா அதைப் பிடித்தது, பிடித்த பிறகு விடவில்லை. தன் நிறவெறிச் சட்டங்களையும் அங்கே கொண்டுபோனது. எதிர்த்து சுவாப்போ என்ற இயக்கம் ஆயுதம் எடுத்தது. 1977-ல் ஐ.நா. அஹ்திசாரியை நமீபியாவுக்கான ஆணையராக நியமித்தது. 1978 செப்டம்பரில் பாதுகாப்பு சபை 435-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது: போர்நிறுத்தம், ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல், அப்புறம் விடுதலை. எல்லாம் தாளில் இருந்தது. நடைமுறைக்கு வர பதினொரு வருடம் ஆனது! வடக்கே பக்கத்து நாடான அங்கோலாவில் கியூபா படை இருக்கும்வரை நகர மாட்டோம் என்றது தென் ஆப்பிரிக்கா, அமெரிக்காவும் அதற்குத் தலையாட்டியது. அந்தப் பதினொரு வருடமும் அஹ்திசாரி அந்தக் கோப்பை மூடி வைக்கவில்லை. வேறு பதவிகளுக்குப் போனார், ஐ.நா.வின் நிர்வாகத்துக்கே துணைப் பொதுச்செயலாளர் ஆனார், ஆனால் நமீபியா பொறுப்பு மட்டும் அவர் கையிலேயே இருந்தது.

ஒருவழியாக 1989 ஏப்ரல் 1-ல் போர்நிறுத்தம் அமலுக்கு வருகிறது. அன்றைக்கே விபரீதம். அங்கோலா எல்லையைத் தாண்டி நூற்றுக்கணக்கான சுவாப்போ போராளிகள் வட நமீபியாவுக்குள் நுழைகிறார்கள். ஐ.நா. படையோ இன்னும் முழுசாக வந்து சேரவில்லை, நியூயார்க்கில் செலவுக் கணக்குச் சண்டையில் தாமதம் ஆகியிருந்தது. ஒப்பந்தத்தையே கிழித்துவிடுவோம் என்று தென் ஆப்பிரிக்கா மிரட்டுகிறது. முகாமுக்குள் அடங்கியிருக்க வேண்டிய தென் ஆப்பிரிக்கப் படைப்பிரிவுகள் சிலவற்றை வெளியே வர அனுமதிக்க அஹ்திசாரி சம்மதிக்கிறார். ஒன்பது நாளில் முந்நூறுக்கும் மேற்பட்ட போராளிகள் செத்தார்கள்.

அவர் வாழ்க்கையில் இதைவிடக் கனமான முடிவு இருந்திருக்காது. ஆப்பிரிக்காவில் பலர் அவரைத் துரோகி என்ற அளவுக்குத் திட்டினார்கள். அவரைப் போற்றுகிற நானும் இதை மூடி மறைக்க விரும்பவில்லை, அந்த உயிர்கள் அந்த அனுமதியால் போன உயிர்கள். ஆனால் அன்று பேச்சு முறிந்திருந்தால் இன்னொரு பத்து வருடப் போர் என்பதும் நிஜம். அவர் ஓடிப்போகாமல், வசவைக் கேட்டுக்கொண்டு நமீபியத் தலைநகர் வின்ட்ஹூக்கிலேயே உட்கார்ந்து வேலையை முடித்தார். அகதிகள் சுமார் நாற்பதாயிரம் பேர் ஊர் திரும்பினார்கள். நவம்பரில் தேர்தல், பதிவு செய்த வாக்காளர்களில் 97 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். 1990 மார்ச் 21-ல் நமீபியா விடுதலை பெற்றது. சாம் நுஜோமா முதல் ஜனாதிபதி.

அங்கே ஐ.நா. படைக்குத் தளபதியாக இருந்தவர் நம் நாட்டுக்காரர், லெப்டினன்ட் ஜெனரல் திவான் பிரேம் சந்த். இந்தப் பெயரை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பாடப் புத்தகத்தில் வர வேண்டிய பெயர்.

கட்சி அரசியலே செய்யாதவர் எப்படி ஜனாதிபதி தேர்தலில் ஜெயித்தார்?
*– வாசகர், சேலம்*

அரசியல் செய்யாததால்தான் ஜெயித்தார். 1990-களின் தொடக்கத்தில் பின்லாந்து மோசமான பொருளாதார வீழ்ச்சியில் மாட்டிக்கொண்டது. சோவியத் யூனியன் உடைந்ததும் அதனுடன் இருந்த வியாபாரம் ஒரேயடியாகப் போனது, வங்கிகள் ஆட்டம் கண்டன. ஐம்பது லட்சம் பேர் உள்ள நாட்டில் வேலை இல்லாதவர்கள் ஐந்து லட்சத்தை நெருங்கினார்கள். ஜனங்களுக்கு எல்லாக் கட்சிக்காரர்கள் மேலும் கோபம். அந்த நேரத்தில், இத்தனை வருடம் வெளிநாட்டில் வேலை பார்த்து, உள்ளூர்ச் சண்டையில் கை நனைக்காத ஒருவர் சமூக ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் நிற்கிறார். எதிரே நின்றவர் சாதாரண ஆள் இல்லை, பல முறை பிரதமராக இருந்த காலெவி சோர்சா. அவரையே தோற்கடித்தார்.

மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு மட்டுமே ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்த முதல் தேர்தல் அது. அதற்கு முன்பெல்லாம் தேர்வாளர் குழுவுக்குப் பங்கு இருந்தது. முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. 1994 பிப்ரவரி 6-ல் இரண்டாம் சுற்று, எதிரே பாதுகாப்பு அமைச்சர் எலிசபெத் ரேன். நாட்டின் முதல் பெண் பாதுகாப்பு அமைச்சர், துடிப்பான பேச்சுக்காரர். அஹ்திசாரியோ கனத்த உடம்பு, முழங்கால் தொல்லை, சாய்ந்து சாய்ந்து நடக்கிற நடை. டிவிக்கு ஏற்ற ஆளே இல்லை. 53.9 சதவீதம் வாங்கி ஜெயித்தார்.

ஜனாதிபதியாக என்னதான் செய்தார்? ஒரே முறையோடு ஏன் நிறுத்திக்கொண்டார்?
*– வாசகர், சென்னை*

பெரிதாக ஒன்று சொல்ல வேண்டுமானால் ஐரோப்பிய ஒன்றியம். 1994 அக்டோபரில் நடந்த பொது வாக்கெடுப்பில் 56.9 சதவீதம் பேர் சேரலாம் என்றார்கள், 1995 ஜனவரி 1-ல் பின்லாந்து சேர்ந்தது. அஹ்திசாரி அதற்காக வெளிப்படையாகப் பிரசாரம் செய்தார். பல பத்தாண்டுகளாக மாஸ்கோவின் முகம் பார்த்து நடந்த நாடு மேற்கே திரும்பிய தருணம் அது.

சேர்கிற சமயத்திலேயே ஒரு வேடிக்கையான தகராறு, ஆனால் விஷயம் பெரியது. ஒன்றியத்தின் உச்சி மாநாட்டுக்குப் போய் உட்காருவது யார், ஜனாதிபதியா, பிரதமர் எஸ்கோ அஹோவா? வெளியுறவு ஜனாதிபதியின் பொறுப்பு, ஒன்றியத்தில் பேசுவதோ பாதிக்கு மேல் உள்நாட்டு விஷயம். இருவருமே போனார்கள். விருந்து மேஜையில் பின்லாந்துக்கு எத்தனை தட்டு என்பதுதான் கேள்வி என்று ஆகிவிட்டதால், இந்தத் தகராறுக்குப் பின்னாளில் 'தட்டுச் சண்டை' என்றே பெயர் நிலைத்தது. பல வருடம் இழுத்து, அரசியல் சட்டத்தையும் திருத்தி, கடைசியில் பிரதமர் பக்கம் தீர்ந்தது.

மாதா மாதம் ஒரு மாகாணத்துக்குப் போய் மக்களைச் சந்திக்கிற பழக்கம் வைத்திருந்தார். அப்படியும், வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு இவர் என்ன செய்துவிட்டார், எப்போது பார்த்தாலும் வெளிநாட்டுப் பயணம் என்று முணுமுணுப்பு இருந்தது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. தேர்தலில் வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசி ஓட்டு வாங்கியவர், ஆனால் அந்தப் பதவியில் இருந்து அதைச் செய்வதற்கு அவருக்கு அதிகாரம் குறைவு. இரண்டாம் முறை நிற்க ஆசை இருந்தது. ஆனால் உட்கட்சித் தேர்தலில் மறுபடியும் போட்டி போட்டுத்தான் வர வேண்டும் என்ற நிலை வந்தபோது, பதவியில் இருக்கும் ஜனாதிபதி அப்படி இறங்க மாட்டார் என்று விலகிக்கொண்டார். கட்சி தார்யா ஹாலோனனை நிறுத்தியது, அவர் பின்லாந்தின் முதல் பெண் ஜனாதிபதி ஆனார்.

என்னைக் கேட்டால், அஹ்திசாரியின் வாழ்க்கையில் ஜனாதிபதி பதவி நடுவில் வந்த ஓர் அத்தியாயம். அதற்கு முன்னால் நமீபியா, அதற்குப் பின்னால் அச்சே.

மிலோசெவிச்சைப் பணிய வைத்தவர் இவர்தானா?
*– வாசகர், கோயம்புத்தூர்*

இவர் ஒருவரே என்று சொல்ல முடியாது. மிலோசெவிச் அப்போது யூகோஸ்லாவியாவின் ஜனாதிபதி. அந்த நாட்டின் செர்பியாவைச் சேர்ந்த, அல்பேனியர்கள் அதிகம் வாழும் மாகாணம் கொசோவோ. 1999-ல் அந்தக் கொசோவோ பிரச்சினையில் நேட்டோ யூகோஸ்லாவியா மேல் குண்டு போட்டுக்கொண்டிருந்தது, மொத்தம் 78 நாள். ரஷ்யாவின் சார்பில் செர்னோமிர்தின், அமெரிக்காவின் சார்பில் ஸ்ட்ரோப் டால்பட், இரண்டு பக்கமும் சாராத நாட்டிலிருந்து அஹ்திசாரி. மூவரும் நாள்கணக்கில் உட்கார்ந்து ஒரே நிபந்தனைத் தாளைத் தயாரித்தார்கள். அதை எடுத்துக்கொண்டு ஜூன் 2-ல் செர்னோமிர்தினும் அஹ்திசாரியும் யூகோஸ்லாவியத் தலைநகர் பெல்கிரேடு போனார்கள். ரஷ்யா தனக்காக வேறு ஏதாவது பேசும் என்ற நம்பிக்கையில் இருந்த மிலோசெவிச்சின் முன்னால், ரஷ்யரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அஹ்திசாரி அந்தத் தாளை வாசித்தார். இதில் மாற்றம் செய்யலாமா என்று மிலோசெவிச் கேட்டார். முடியாது என்று பதில் வந்தது. மறுநாள் ஒப்புக்கொண்டார்.

பின்னால் 2005-ல் கொசோவோவின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிற பொறுப்பையும் ஐ.நா. இவரிடமே கொடுத்தது. மேற்பார்வையுடன் கூடிய விடுதலை என்று இவர் தந்த திட்டத்தை செர்பியாவும் ரஷ்யாவும் ஏற்கவில்லை. 2008 பிப்ரவரி 17-ல் கொசோவோ தானாகவே விடுதலை அறிவித்தது. இந்தியா இன்று வரை அதை அங்கீகரிக்கவில்லை. செர்பியர்கள் இவரை மன்னிக்கவும் இல்லை. பேசித் தீர்ப்பது என்ற கணக்கில் பார்த்தால் இது பாதித் தீர்வுதான், இரு தரப்பும் கையெழுத்துப் போடவில்லை.

சுனாமி வந்ததால்தான் அச்சேயில் சமாதானம் வந்தது என்கிறார்கள். அப்படியென்றால் இவர் செய்தது என்ன?
*– மீனவர் சங்கப் பொறுப்பாளர், நாகப்பட்டினம்*

நீங்கள் கேட்பதில் இருக்கிற வலி புரிகிறது ஐயா. சுனாமி எதையும் தானாகக் கொண்டுவராது, எடுத்துக்கொண்டுதான் போகும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

அச்சே சுமத்ரா தீவின் வட முனை. இராசேந்திர சோழன் மெய்க்கீர்த்தியில் 'இலாமுரிதேசம்' என்று வருகிறதே, அந்தப் பக்கம். 1976-ல் ஹசன் டி திரோ என்பவர் தொடங்கிய கேம் என்ற விடுதலை இயக்கம் இந்தோனேசிய ராணுவத்துடன் போரிட்டது. எரிவாயு அங்கே எடுக்கப்படுகிறது, காசு ஜகார்த்தாவுக்குப் போகிறது என்பது ஜனங்களின் பெரிய குறை. சண்டையில் செத்தவர்கள் சுமார் பதினைந்தாயிரம் பேர். இயக்கத்தின் தலைவர்கள் ஸ்வீடனில் தஞ்சம் புகுந்திருந்தார்கள். 2002 கடைசியில் ஒரு போர்நிறுத்தம் வந்தது, ஐந்தே மாதத்தில் முறிந்தது, ராணுவச் சட்டம் வந்தது.

இந்தோனேசியாவில் புது ஜனாதிபதி யூதோயோனோ, துணை ஜனாதிபதி யூசுப் கல்லா 2004 அக்டோபரில் பதவிக்கு வந்தார்கள். இருவருக்கும் இதைப் பேசி முடிக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. இந்தோனேசியாவைத் தெரிந்த ஒரு பின்லாந்துக்காரர் இரண்டு பக்கமும் தூது போய், அஹ்திசாரியிடம் வந்து சேர்ந்திருந்தார். இது சுனாமிக்கு முன்பே நடந்தது. டிசம்பர் 26-ல் அலை வந்தது. அச்சேயில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோர் போனார்கள். ஒரு மாதத்துக்குள், ஜனவரி கடைசியில், பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கிக்குப் பக்கத்தில் கோனிக்ஸ்டெட் என்ற பழைய மாளிகையில் இரு தரப்பும் உட்கார்ந்தார்கள். வெளியே பனி. உள்ளே இருப்பவர்களின் ஊரில் இன்னும் பிணங்களை எடுத்து முடிக்கவில்லை.

அங்கே அஹ்திசாரி செய்தது மூன்று விஷயம் என்று எனக்குப் படுகிறது. விடுதலை என்பது இந்த மேஜையில் கிடையாது, அதற்காகத்தான் வந்தீர்கள் என்றால் என் நேரத்தையும் உங்கள் நேரத்தையும் வீணாக்க வேண்டாம் என்று இயக்கத்தாரிடம் முதலிலேயே முகத்துக்கு நேராகச் சொன்னார். இனிப்பாகப் பேசி இழுத்துவிட்டுக் கடைசியில் கைவிரிப்பதைவிட இது எவ்வளவோ நேர்மை. அடுத்தது, முதலில் போர்நிறுத்தம், அப்புறம் மெதுவாகப் பேசலாம் என்ற வழியை அவர் எடுக்கவில்லை. பேச்சு நடந்த அந்த ஏழு மாதமும் அச்சேயில் துப்பாக்கிச் சத்தம் ஓயவில்லை. எல்லாம் ஒப்புக்கொள்ளப்படும்வரை எதுவும் ஒப்புக்கொள்ளப்படவில்லை, இதுதான் அவர் வைத்த விதி. ஆட்சி அதிகாரம், வருமானம், பொதுமன்னிப்பு, ஆயுதம், படைக்குறைப்பு எல்லாம் ஒரே தாளில் வர வேண்டும். மூன்றாவது, கால அளவு. கோடைக்குள் முடிய வேண்டும் என்றார்.

ஐந்து சுற்று. 'சுயாட்சி' என்ற சொல்லில் சிக்கல் வந்தபோது 'சுய அரசாங்கம்' என்ற சொல்லைப் பிடித்து ஏறினார்கள். உள்ளூர்க் கட்சி கூடாது, நாடு முழுக்க கிளை உள்ள கட்சிதான் தேர்தலில் நிற்கலாம் என்பது இந்தோனேசியச் சட்டம். கடைசிவரை இழுபறி இதில்தான். அச்சேக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. இயற்கை வளத்தின் வருமானத்தில் 70 சதவீதம் அச்சேக்கு. இயக்கம் 840 ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், அதற்கு ஈடாக ராணுவம் படிப்படியாக வெளியேற வேண்டும். 2005 ஆகஸ்ட் 15-ல் ஹெல்சிங்கியில் கையெழுத்து. ஐரோப்பிய ஒன்றியமும் ஐந்து ஆசியான் நாடுகளும் சேர்ந்த கண்காணிப்புக் குழு ஒவ்வொரு துப்பாக்கியாக எண்ணி, எல்லார் கண்ணுக்கும் முன்னால் அறுத்துப் போட்டது. அந்த வருடம் முடிவதற்குள் இரண்டு பக்கமும் சொன்னதைச் செய்து முடித்தார்கள்.

ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இர்வாண்டி யூசுப், கால்நடை மருத்துவர், இயக்கத்துக்காரர். சுனாமி அன்று அச்சேயின் தலைநகர் பாண்டா அச்சேயில் சிறைக்கைதி. தண்ணீர் ஏற ஏற மாடிக்கு ஓடி, மேல்கூரையை உடைத்துக்கொண்டு வெளியே வந்து பிழைத்தார். இரண்டு வருடம் கழித்து, 2006 டிசம்பரில் நடந்த தேர்தலில் ஜெயித்து அதே அச்சேக்கு ஆளுநர் ஆனார். பின்னாளில் ஊழல் வழக்கில் சிறைக்கும் போனார் என்பதையும் சொல்ல வேண்டும். காணாமல் போனவர்கள், சித்திரவதைக்கு ஆளானவர்கள் இவர்களுக்கான நீதி மட்டும் ரொம்பப் பின்தங்கிவிட்டது, அதில் ஒப்பந்தம் குறைபட்டதுதான். ஆனால் சண்டை மறுபடியும் தொடங்கவில்லை.

அச்சேயில் முடிந்தது எங்களிடம் ஏன் முடியவில்லை? எங்களிடமும் சுனாமி வந்தது, எங்களிடமும் நோர்வே வந்தது.
*– வாசகர், வவுனியா*

இந்தக் கேள்வியை நாலு நாள் மேஜையில் வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்தேன். உங்களுக்கு இங்கே உட்கார்ந்து நான் பாடம் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த வித்தியாசங்களை மட்டும் சொல்கிறேன்.

இலங்கையில் 2002 பிப்ரவரி 22-ல் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது, அரசியல் தீர்வு பிறகு என்று விடப்பட்டது. அஹ்திசாரி தவிர்த்த வழி இதுதான். நோர்வே தன்னை அனுசரணையாளர் என்றே சொல்லிக்கொண்டது, அதாவது இருவரும் பேச இடமும் வசதியும் செய்து கொடுப்பவர். இது கிடைக்கும், இது கிடைக்காது என்று மேஜையில் அடித்துச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்குத் தரப்படவில்லை. கண்காணிப்புக் குழுவில் ஐந்து நோர்டிக் நாட்டினரும் இருந்தார்கள், பின்லாந்துக்காரர்களும் உண்டு, ஆனால் மீறலைக் குறித்து வைக்கலாம், தடுக்க முடியாது. 2006-ல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்ததும் ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து மூன்றும் வெளியேற வேண்டி வந்தது.

அலையைப் பற்றிச் சொன்னீர்கள். 2005 ஜூன் 24-ல் சுனாமி நிவாரணத்துக்கான பொதுக் கட்டமைப்பில் அரசும் புலிகளும் கையெழுத்திட்டார்கள். மூன்றே வாரத்தில், ஜூலை 15-ல், உச்ச நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. அதே வாரத்தில், ஜூலை 17-ல், ஹெல்சிங்கியில் அச்சேக்காரர்கள் கடைசிச் சுற்றை முடித்துக் கை குலுக்கினார்கள். இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அச்சேயில் இயக்கம் களத்தில் பலவீனமாக இருந்தது, தனி நாடு கேட்பதைக் கைவிட்டது. ஜகார்த்தாவில் ஜனாதிபதியும் துணை ஜனாதிபதியும் தங்கள் அரசியல் எதிர்காலத்தைப் பணயம் வைத்து விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள். கொழும்பில் அப்படி ஒரு துணிச்சலை எந்தப் பெரிய கட்சியும் கடைசிவரை காட்டவில்லை. நல்ல நடுவர் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பியிருக்கிறேன். அஹ்திசாரியே அப்படிச் சொல்ல மாட்டார், சமாதானம் செய்வது சண்டையிட்டவர்கள்தான், நடுவர் உதவி செய்பவர் மட்டுமே என்பதுதான் அவர் நிலை.

அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது சரிதானா? கடைசிக் காலம் எப்படி இருந்தது?
*– வாசகி, தஞ்சாவூர்*

2008-ல் சமாதானத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. முப்பது வருடத்துக்கும் மேலாகப் பல கண்டங்களில் மோதல்களைத் தீர்க்கப் பாடுபட்டதற்காக என்று சொல்லிக் கொடுத்தார்கள். செர்பியாவில் எதிர்ப்பு இருந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை, நமீபியாவும் அச்சேயும் போதும். நடுவில் ஐ.ஆர்.ஏ. என்ற அயர்லாந்துக் குடியரசுப் படையின் ஆயுதக் கிடங்குகளைப் போய்ப் பார்த்து, ஆயுதம் பத்திரமாகப் பூட்டித்தான் இருக்கிறது என்று சாட்சி சொன்ன இருவரில் இவர் ஒருவர். இன்னொருவர் சிரில் ராமபோசா, பின்னாளில் தென் ஆப்பிரிக்காவின் ஜனாதிபதி ஆனவர்.

ஆஸ்லோவில் பரிசு வாங்கியபோது பேசியதில், எந்த மோதலையும் தீர்க்க முடியும், அதை நிரந்தரமாக்கிவிட எந்தச் சாக்கும் கிடையாது என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் மேடைப் பேச்சு என்று கடந்து போயிருப்பேன். பதினொரு வருடம் ஒரு தீர்மானத்துக்காகக் காத்திருந்தவர் சொன்னபோது கேட்கத் தோன்றியது.

2000-ல் பதவி முடிந்ததும் தொடங்கிய சி.எம்.ஐ. என்ற அமைப்பு இன்றும் சமரச வேலை செய்கிறது. 2021-ல் அவருக்கு அல்சைமர் நோய் என்று குடும்பத்தின் ஒப்புதலோடு அறிவித்தார்கள், பொது வாழ்க்கையிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். 2023 அக்டோபர் 16-ல் ஹெல்சிங்கியில் காலமானார், வயது 86. பின்லாந்து நேட்டோவில் சேர வேண்டும் என்று பல வருடம் சொல்லி வந்தவர் அவர். அதே வருடம் ஏப்ரலில் அதுவும் நடந்திருந்தது.

அஹ்திசாரி என்று எழுதுகிறீர்களே, அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?
*– பள்ளி மாணவர், காரைக்குடி*

நல்ல கேள்வி தம்பி. அஹ்தி என்பது பின்லாந்துப் பழங்கதைகளில் வரும் கடல் தெய்வம். சாரி என்றால் தீவு. ஆனால் இது பரம்பரைப் பெயர் இல்லை. அவருடைய முன்னோர் நார்வேயிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள், குடும்பப் பெயர் அடோல்ப்சன். 1930-களில் அவர் அப்பாதான் பெயரை மாற்றி வைத்தார். உச்சரிக்கும்போது முதல் எழுத்தில் அழுத்தம் கொடு, 'அஹ்' என்று மூச்சு விட்டுவிட்டுத் தொடங்கு, 'சா'வைக் கொஞ்சம் நீட்டு. சரியாக வரும்.